உறைந்த கண்ணீர்



உடலில் பட்ட காயத்திற்கு ஒரு நன்மை உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். இரத்தம் கசியும், வீக்கம் காணும், வலி எங்கே என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டலாம். உள்ளத்தில் பட்ட காயத்திற்கு இந்த வசதி கிடையாது. அதிலும் பேச்சு நன்றாக வருவதற்கு முன்னர், இளங்குழந்தைப் பருவத்தில் பட்ட காயமாக இருந்தால், அது பிறர் கண்ணிலும் படுவதில்லை. பட்டவருக்கே நினைவில் இருப்பதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, காரணம் விளங்காத சினமாகவோ, எவரிடமும் ஒட்டாத தனிமையாகவோ, உறக்கமின்மையாகவோ அது தலைகாட்டுகிறது. "எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் மனம் மட்டும் நிறைவதில்லை" என்று சொல்லுகிற பலரை நாம் அறிவோம். அத்தகையோருள் சிலருடைய துன்பத்தின் வேர் எங்கே இருக்கிறது, அதை ஆற்றுவதற்கு உணர்ச்சியையே மருந்தாகக் கொள்ளும் உளமருத்துவம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

உணர்ச்சி உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று, உடலிலும் நிகழ்வது. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். அங்கே சொல்லப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. அது பிறக்கும் இடங்களாக நான்கைத் தொல்காப்பியர் வகுக்கிறார். பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை என்பன அவை. இவற்றுள் முதல் இரண்டும், அதாவது இகழ்ச்சியும் இழப்பும், குழந்தை உள்ளத்தைப் புண்படுத்துவனவற்றுள் தலையாயவை என்று இன்றைய உளநூலாரும் கூறுகின்றனர். அழுகை பிறக்க வேண்டிய இடத்தில் பிறந்துவிட்டால் நலம். பிறக்க இடமில்லாமல் அடைக்கப்பட்டால் என்ன ஆகும்? அதுதான் நாம் ஆராய வேண்டிய கேள்வி.

குழந்தைக்குக் காயம் என்றவுடன் அடி, உதை, பட்டினி ஆகிய கொடுமைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவை கொடியவைதாம், ஆனால், அன்பு மிகுந்த பெற்றோரும் தாம் அறியாமலே பிள்ளையின் உள்ளத்தில் ஆழ்ந்த புண்ணை ஏற்படுத்திவிட முடியும். இதை உலகிற்குக் காட்டியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லண்டன் மாநகரில் அன்னா பிராய்டு அம்மையார் நடத்திவந்த குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர் அவர். அந்த இல்லத்தில் ஒரு விதி இருந்தது. படித்தவராயினும் படிக்காதவராயினும், அங்கே பணிபுரியும் ஒவ்வொருவரும் குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு பார்க்கக் கற்றுக்கொண்ட கண்களுடன் ராபர்ட்சன் பிறகு மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவுகளுக்குச் சென்றார்.

அந்நாளில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதிக்கப்பட்டனர். தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது மருத்துவர்களும் தாதியரும் கண்ட முடிபு. ராபர்ட்சன் 1952ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த லாரா என்னும் சிறுமி, தொப்புள் குடலிறக்கத்திற்கான ஒரு சிறிய அறுவைக்காக 8 நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படம் காட்டுகிறது. லாரா கதறிப் புரண்டு அழும் குழந்தை அல்லள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பொம்மையை இறுகப் பற்றிக்கொண்டு, அழுகையை அடக்க முயலுகிறாள். அவ்வப்போது அம்மா எங்கே என்று மெல்லக் கேட்கிறாள். நாள் செல்லச் செல்ல முகம் வாடுகிறது. முடிவில் தாய் வந்து நிற்கும்போது, ஓடிச் சென்று கட்டிக்கொள்ள வேண்டிய குழந்தையிடம் ஒரு தயக்கம் தெரிகிறது.

இப்படத்தை முதலில் பார்த்த மருத்துவர்கள் பலர் சினந்தனர். தங்கள் பிரிவுகளில் குழந்தைகள் மகிழ்ச்சியாகவே இருக்கின்றனர் என்று வாதிட்டனர். ஆனால், ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய ஜான் பௌல்பி என்னும் பேரறிஞரும் தாயைப் பிரிந்த குழந்தையிடம் மூன்று நிலைகளைக் கண்டறிந்தனர். முதலாவது எதிர்ப்பு: குழந்தை உரக்க அழுது தாயைத் தேடும். இரண்டாவது நம்பிக்கை இழத்தல்: அழுகை தணிந்து சோர்ந்து கிடக்கும். மூன்றாவது விலகல்: குழந்தை உண்ணும், சிரிக்கும், எவர் தூக்கினாலும் போகும், ஆனால், தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த மூன்றாம் நிலையைத்தான் உலகம் "குழந்தை பழகிவிட்டது" என்று சொல்லி வந்தது. அது வலித்து வலித்து மரத்துப்போன நிலை என்பதை இவ்விருவரும் எடுத்துக் காட்டினர். உலகச் சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் பௌல்பி எழுதிய அறிக்கையும், ராபர்ட்சனின் படமும் சேர்ந்து அரசினரின் கருத்தை மாற்றின. 1959இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து குழந்தையைக் காணலாம், சிறு குழந்தையுடன் தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

குழந்தைப் பருவத்தில் நடந்தது மறந்துபோகிறதே. மறந்தது எவ்வாறு துன்புறுத்தும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நினைவு ஒரு வகைப்பட்டதன்று. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று கதையாகச் சொல்லும் நினைவு ஒன்று. அதற்குத் துணைபுரியும் மூளைப் பகுதி பிறந்த சில ஆண்டுகளுக்கு நன்கு முதிர்வதில்லை. ஆதலால் இரண்டு மூன்று வயதுக்கு முற்பட்டவற்றை நம்மால் கதையாகச் சொல்ல முடிவதில்லை. மற்றொன்று அச்சத்தையும் ஆபத்தையும் பதிந்துகொள்ளும் நினைவு. அதற்குரிய பகுதி மூளையின் அடியில் வாதுமைப் பருப்பின் வடிவில் இருக்கிறது. அது மிக இளமையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நிகழ்ச்சி மறந்துவிடும், நடுக்கம் மறக்காது. வளர்ந்த ஒருவர், மேலதிகாரி சற்றே குரலை உயர்த்தியவுடன் கைகால் குளிர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ள நிற்கிறார் என்றால், அங்கே நிற்பவர் நாற்பது வயது மனிதர் மட்டும் அல்லர். நான்கு வயதுக் குழந்தையும் அவருள் நிற்கிறது.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட நடுத்தரக் குடும்பத்தினரை வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இளமையில் அடி, இகழ்ச்சி, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம், பெற்றோர் பிரிவு போன்ற துன்பங்களுக்கு ஆளானார்களா என்று கேட்டு, இன்றைய உடல்நலத்துடன் ஒப்பிட்டனர். முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. இளமைத் துன்பங்கள் எண்ணிக்கையில் மிக மிக, மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி ஆகியவை மட்டுமின்றி, இதய நோய் முதலிய உடல் நோய்களும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆனால், இளமையில் துன்புற்றோர் அனைவரும் நோயுறுவர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆபத்து மிகுகிறது என்பதே பொருள். அன்பான ஒரு பாட்டியோ, பரிவுள்ள ஓர் ஆசிரியரோ அருகில் இருந்ததால் தப்பிப் பிழைத்தவர் பலர்.

இனி, மருந்துக்கு வருவோம். உணர்ச்சியை வெளிப்படுத்தி நோயைத் தீர்க்கலாம் என்னும் கருத்து ஐரோப்பிய மருத்துவத்தில் உருப்பெற்ற இடம் வியன்னா. 1880ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசப் பிராயர் என்னும் மருத்துவர் 21 வயது நங்கை ஒருத்திக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். அவள் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயுற்ற தந்தைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தவள் அவள். கை கால்கள் இயங்கவில்லை, பார்வை மங்கியது, தாய்மொழியாகிய ஜெர்மனில் பேசும் ஆற்றலே மறைந்து, கற்ற மொழியாகிய ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். ஒரு கோடையில் சில வாரங்கள் தண்ணீரே அருந்த முடியவில்லை. வசிய உறக்கத்தில் இருந்தபோது, தன் வீட்டில் இருந்த ஒரு பெண்மணியின் நாய் குவளையிலிருந்து நீர் குடித்ததைக் கண்டு அருவருத்ததாகவும், மரியாதை கருதிப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் கூறினாள். அடக்கிவைத்த அருவருப்பையும் சினத்தையும் கொட்டித் தீர்த்தாள். உடனே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "பேச்சுச் சிகிச்சை" என்ற பெயரை இதற்கு இட்டவள் அவளே. புகைபோக்கியைத் துடைப்பது போன்றது இது என்றும் வேடிக்கையாகச் சொல்லுவாளாம்.

பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலில் இந்நோயாளியின் வரலாறு இடம்பெற்றது. அந்நூலில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு இருக்கிறது. பழைய நிகழ்ச்சியை உணர்ச்சியின்றி நினைவுகூர்ந்தால் பயன் இல்லை. அன்று எழுந்து அடங்கிய உணர்ச்சி இன்று மீண்டும் எழ வேண்டும் என்பதே அது. ஆயினும் வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும். பிராயர் சிகிச்சையை முடித்த 1882ஆம் ஆண்டிலேயே பெர்த்தா மீண்டும் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். அதன்பின் சில ஆண்டுகள் நோயுடன் போராடினாள். பிற்காலத்தில் பிராங்க்பர்ட் நகரில் அனாதைப் பெண் குழந்தைகளின் இல்லத்தை நடத்தி, 1904இல் யூத மகளிர் சங்கத்தை நிறுவி, ஜெர்மனியில் புகழ்பெற்ற சமூகத் தொண்டராக விளங்கினாள். கொட்டித் தீர்த்ததனால் மட்டும் அவள் குணமடையவில்லை. தனக்கென ஒரு வாழ்வையும் ஒரு பணியையும் கட்டிக்கொண்டபோதுதான் நிலைபெற்றாள் என்று எண்ண இடமிருக்கிறது.

இந்தப் பாடத்தை உலகம் ஒரு முறை மறந்தது. 1970ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து உளநூலார் ஆர்தர் ஜானோவ் "ஆதி அலறல்" என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். குழந்தைப் பருவத்தில் நிறைவேறாத தேவைகளின் வலி உடலிலேயே தேங்கி நிற்கிறது. அந்த வலியை முழுமையாக மீண்டும் உணர்ந்து, வேண்டுமானால் அலறி, அழுது தீர்த்தாலொழிய நோய் நீங்காது என்பது அவர் கொள்கை. முதல் மூன்று வாரம் நோயாளி நாள்தோறும் தனியே மருத்துவரைக் காண வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் குழுவாகக் கூடுவர். ஆங்கில இசைக்குழுவாகிய பீட்டில்ஸைச் சேர்ந்த ஜான் லெனன் அவ்வாண்டே ஜானோவிடம் சென்றார். தந்தை பிரிந்து சென்றவர். தாய் தம் தமக்கையிடம் மகனை விட்டவர். அந்தத் தாயும் லெனனின் 17ஆம் வயதில் சாலை விபத்தில் இறந்தார். சில மாதச் சிகிச்சைக்குப் பின் 1970 டிசம்பரில் லெனன் வெளியிட்ட இசைத்தட்டில், தாய் தந்தையரை விளித்துக் கதறும் பாடலே முதலாவதாக அமைந்தது. அதனால் ஜானோவின் புகழ் பெருகியது.

ஜானோவ் 2017இல் காலமானார். அவர் சொன்னவற்றுள் ஓர் உண்மை இருந்தது. அறிவுரையால் மட்டும் இளமைப் புண் ஆறாது; அது உணரப்பட வேண்டும். ஆனால், நரம்புத் தளர்ச்சி நோய்களுக்கு இதுவே தீர்வு என்று அவர் உரிமை கொண்டாடியதற்கு, ஒப்பீட்டு ஆராய்ச்சிகளின் ஆதரவு கிடைக்கவில்லை. வெறுமனே கொட்டுவது எப்போதும் தணிக்காது என்பதும் பின்னர்த் தெரிந்தது. 2002இல் பிராட் புஷ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் செய்த சோதனையில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு மூட்டையைக் குத்தியவர்களுக்குச் சினம் தணியவில்லை, மிகுந்தது. மற்றோர் ஆபத்தும் உண்டு. எலிசபெத் லாப்டஸ் அம்மையார் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகச் சொல்லி நம்பவைத்தபோது, நடவாத அந்நிகழ்ச்சியைச் சிலர் நடந்ததாகவே நினைவுகூர்ந்தனர். ஆகவே, "உங்கள் குழந்தைப் பருவத்தில் இன்னது நடந்திருக்கத்தான் வேண்டும்" என்று வற்புறுத்தும் மருத்துவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உணர்ச்சியை அடக்குவதும் தீங்கு, கட்டின்றிக் கொட்டுவதும் பயனற்றது என்றால், வழி யாது? இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியை வகுத்தவர்களுள் லெஸ்லி கிரீன்பர்க் குறிப்பிடத்தக்கவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பொறியியல் பயின்று, கனடா சென்று உளநூலில் புகுந்தவர் அவர். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கி அவரும் அவர் தோழர்களும் உருவாக்கிய முறையை உணர்ச்சி சார்ந்த உளமருத்துவம் என்று சொல்லலாம். அவர் உணர்ச்சிகளைத் தரம் பிரிக்கிறார். ஒருவர் எரிந்து விழுகிறார். அச்சினத்தின் அடியில் தீண்டப்படாத துயரம் இருக்கலாம். மற்றொருவர் ஓயாமல் அழுகிறார். அவ்வழுகையின் அடியில், காட்டத் துணியாத சினம் இருக்கலாம். மேலே மிதக்கும் உணர்ச்சியைக் கொட்டுவதால் பயன் இல்லை. அடியில் இருப்பதைத் தொட வேண்டும். அடியில் இருப்பதும் இரு வகை. இழப்பிற்காக எழும் துயரம் நலம் தரும். அது ஆறுதலைத் தேடச் செய்யும். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்னும் வெட்கமோ, நோயே ஆகும். அந்த நோயை அறிவுரையால் மாற்ற முடியாது. ஓர் உணர்ச்சியை மற்றோர் உணர்ச்சியால்தான் மாற்ற இயலும் என்பது கிரீன்பர்க்கின் மையக் கருத்து.

இது எவ்வாறு நடைபெறுகிறது? அறையில் ஒரு காலி நாற்காலி இருக்கும். பல வாரம் பழகி நம்பிக்கை ஏற்பட்ட பின், தம்மைப் புண்படுத்தியவர் அந்நாற்காலியில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசுமாறு மருத்துவர் சொல்லுவார். எடுத்துக்காட்டாக, சிறுவயதில் எப்போதும் பழித்துவந்த தந்தையிடம் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் குற்றச்சாட்டும் முறையீடும் வரும். மருத்துவர் குறுக்கிட்டு, "இதைச் சொல்லும்போது உங்கள் நெஞ்சில் என்ன நிகழ்கிறது?" என்று கேட்பார். தொண்டை அடைக்கிறது என்பார் அவர். அந்த அடைப்பிலேயே சற்று நிற்கச் செய்வார். அப்போது வெட்கமும் அச்சமும் வெளிப்படும். "அன்று உங்களுக்கு என்ன தேவைப்பட்டது?" என்பது அடுத்த கேள்வி. "ஒரு முறையாவது நன்றாகச் செய்தாய் என்று சொல்லியிருக்கலாம்" என்ற விடை வரும்போது குரல் உடையும். தனக்கு அது கிடைத்திருக்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமை தனக்கு இருந்தது என்று உணரும் கணத்தில், வெட்கம் இருந்த இடத்தில் நேரிய சினமும், இழந்ததற்காக இரக்கமும் பிறக்கின்றன. பின்னர் அவரே எதிர் நாற்காலியில் அமர்ந்து தந்தையாகவும் பேசுவது உண்டு. அப்போது தந்தையின் அச்சங்களும் இயலாமையும் புலப்படக்கூடும். சிலர் மன்னிப்பர்; சிலர் மன்னிக்காமல், பொறுப்பு யாருடையது என்று தெளிந்து விடுதலை பெறுவர். இரண்டும் நல்ல முடிவே என்று இம்முறை ஏற்கிறது.

இது நாடகம் போலத் தோன்றலாம். ஆனால், ஆராய்ந்து பார்க்கப்பட்ட நாடகம் இது. சாண்ட்ரா பைவியோ அம்மையாரும் கிரீன்பர்க்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய ஒருவரிடம் தீராத மனக்குறை கொண்ட 34 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 12 வாரம் இச்சிகிச்சை பெற்றனர். மற்றவர்க்கு உளநூல் விளக்கங்கள் கற்பிக்கப்பட்டன. சிகிச்சை பெற்றவர்களே மிகுதியாக நலமடைந்தனர். பின்னர் பைவியோ அம்மையார், குழந்தைப் பருவக் கொடுமைகளுக்கு ஆளானோருக்கென இம்முறையைச் செப்பனிட்டார். நாற்காலியுடன் பேச அஞ்சுவோர் மருத்துவரிடமே மெல்லச் சொல்லலாம் என்று ஒரு மென்மையான வழியையும் வகுத்தார். 2010இல் இரண்டையும் ஒப்பிட்டபோது இரண்டும் பயன் தந்தன. மென்மையான வழியில் இடையே விட்டுச் சென்றோர் குறைவாக இருந்தனர். விரைவைவிடப் பாதுகாப்பே முதன்மையானது என்பதற்கு இது சான்று. கடும் மனநோய் உள்ளவர்களும், தற்கொலை எண்ணம் கொண்டவர்களும், இன்றும் கொடுமைக்கு உள்ளாகி வருபவர்களும் முதலில் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் பெற வேண்டும். பழைய புண்ணைத் திறப்பது அதற்குப் பிந்திய வேலை.

நம் நாட்டு மரபிலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள். இழவு வீட்டில் பெண்கள் கூடி, தோள்மேல் தோள் சாய்த்து, இறந்தவரையே முன்னிலைப்படுத்திக் கேள்வி கேட்டு அழுகின்றனர். துயரம் அங்கே சொல்லாகிறது, சொல் இசையாகிறது, ஒருத்தியின் துயரத்தைப் பலர் தாங்குகின்றனர். ஆனால், ஒப்பாரி இறப்பிற்கு மட்டுமே இடம் தந்தது. குழந்தையின் இழப்பிற்கு நம் வீடுகள் இடம் தந்தனவா? "ஆண்பிள்ளை அழலாமா?" என்றோம். "அழுதால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்றோம். துயரத்தில் இருந்த குழந்தைக்கு அச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்பொருளில் தனிப்பட்ட அக்கறை இரண்டு உண்டு. முதலாவது, பிரிவு. வேலை நிமித்தம் தில்லிக்கோ மும்பைக்கோ புறப்படும்போது, வீடு அமையும் வரையிலும், அல்லது பள்ளி ஆண்டு முடியும் வரையிலும், குழந்தையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவருவது நம்மிடையே பழக்கம். பாட்டியின் அன்பு பெரும் செல்வம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், குழந்தை அழுமே என்று அஞ்சி, அது உறங்கும்போது சொல்லாமல் புறப்பட்டுக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறோமே, அது தவறு. விழித்தெழும் குழந்தைக்குத் தெரிவது ஒன்றே: கண்ணை மூடினால் அம்மா போய்விடுவாள். பிறகு அது உறங்க மறுப்பதில் வியப்பென்ன? சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அழுதால் அழட்டும், அந்த அழுகையை மடியில் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் நாளைச் சொல்லி, சொன்னபடி வாருங்கள். உங்கள் புடைவை ஒன்று அதன் படுக்கையில் இருக்கட்டும். மாதங்கள் கழித்துச் சந்திக்கும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், "எங்களை மறந்துவிட்டான்" என்று சிரிக்கவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். லாராவை நினைவுகூருங்கள். "என்மேல் உனக்குக் கோபம், கோபப்பட உனக்குக் காரணம் உண்டு" என்று சொல்லி அருகில் அமர்ந்திருங்கள். அந்தக் கோபம் வெளிப்பட இடம் கிடைத்த குழந்தை, நாற்பது வயதில் காலி நாற்காலியைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை குறைகிறது.

இரண்டாவது, மொழி. ஜெர்மனை மறந்து ஆங்கிலத்தில் பேசிய பெர்த்தாவைப் பற்றிச் சொன்னேன். தாய்மொழி உணர்ச்சியின் மொழி. பின்னர்க் கற்ற மொழியில் உணர்ச்சிக்குச் சற்றுத் தூரம் உண்டு. 2003இல் கேத்தரின் ஹாரிஸ் அம்மையாரும் தோழர்களும் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இதை விளக்குகிறது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களுக்குப் பல சொற்களையும் தொடர்களையும் கேட்கச் செய்து, தோலில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்தனர். குழந்தையைக் கண்டிக்கும் சொற்கள் தாய்மொழியில் ஒலித்தபோது உடல் மிகுதியாக அதிர்ந்தது. ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ முப்பது ஆண்டு வாழ்ந்து, அலுவலகத்தில் ஆங்கிலமும் அங்காடியில் இந்தியும் சரளமாகப் பேசும் ஒருவருக்கும், நெஞ்சின் அடித்தளத்தில் ஒலிப்பது "சனியனே" என்னும் பழைய வசையும் "கண்ணே" என்னும் பழைய கொஞ்சலுமே ஆகும். ஆகவே உளமருத்துவரை நாடும்போது, கூடுமானால் தமிழ் அறிந்தவரைத் தேடுங்கள். இயலாவிட்டால், உணர்ச்சி மேலிடும் இடத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அவருக்குப் பொருள் விளக்குங்கள். நல்ல மருத்துவர் அதற்கு இடம் தருவார். அதே வேளையில், தாங்க முடியாத ஒன்றை முதன்முறை சொல்வதற்குப் பிறமொழியின் தூரம் ஒரு கைத்தடியாகவும் உதவலாம்.

உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பேசும் மொழியை அழைப்பவரே தேர்ந்தெடுக்கலாம். துன்பத்தில் இருக்கும் குழந்தைக்கு உதவ 1098 என்ற எண் உண்டு. மருத்துவரை நாடுவது வெட்கத்திற்குரியது என்ற எண்ணமும் நம்மிடமிருந்து நீங்க வேண்டும். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியது 1922இல். நூறாண்டைக் கடந்த ஒரு மருத்துவத்தை இன்னும் அயலாருடையது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

நிறைவாக ஒன்று. இளமைப் புண்ணைப் பற்றிப் பேசும்போது பெற்றோரைக் கூண்டில் நிறுத்துவது நோக்கம் அன்று. நம்மை அடக்கியவர்களும் ஒரு காலத்தில் அடக்கப்பட்ட குழந்தைகளே. அழுகையை விழுங்கக் கற்றவர் அதையே அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். சங்கிலி எங்காவது ஓரிடத்தில் அறுபட வேண்டும். தன்னுள் உறைந்திருக்கும் கண்ணீரை உருகவிட்டவர், தன் பிள்ளையின் கண்ணீரைக் கண்டு பதறுவதில்லை, அதட்டுவதும் இல்லை. அருகில் அமர்கிறார். குழந்தைக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே.